மதுரையிலிருந்து சென்னைக்கு: இரண்டு வேலை, ஒரு வீடு

சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு வேலைக்கான கடிதம் வந்த இரவு, நானும் என் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, மதுரைச் சம்பளத்தை இடப்பக்கமும் சென்னைச் சம்பளத்தை வலப்பக்கமும் எழுதி, வித்தியாசத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுத் தூங்கப் போனோம். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அவளுடைய மதுரைச் சம்பளம் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை என்பதை நாங்கள் கவனித்தது, மூட்டை கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்புதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம் ஊர் மாறும்போது, ஒரு சம்பளத்தை இன்னொரு சம்பளத்தோடு ஒப்பிடுவதில் அதிகம் தெரியவராது. இரண்டு வேலைகளுக்கும் நடுவில், இருவராலும் தாங்கக்கூடிய வாடகையில் ஒரு வீடு கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இளம் தம்பதியரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: கையில் வரும் சம்பளத்தைக் கண்டுபிடித்தல்

வேலைக் கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தொகைக்குள் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டுத் தவணை, ஆண்டு இறுதியில் வந்தாலும் வரலாம் என்ற நிலையிலுள்ள ஊக்கத்தொகை ஆகிய எல்லாம் அடங்கியிருக்கும். எல்லாப் பிடித்தமும் போக மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும் என்று மனிதவளப் பிரிவினரிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கு இது தினமும் வரும் கேள்வி. குடிபெயர்வதற்கென்று தனியாக ஒரு தொகை தருவதாகச் சொன்னால், ஓராண்டுக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாடகைப்படியால் வரி குறையும் என்று அலுவலக நண்பர்கள் சொல்வது பழைய வரி முறைக்கு மட்டுமே பொருந்தும். புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12.75 லட்சம் ரூபாய் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரியே இல்லாததால், தொடக்க நிலையிலுள்ள பெரும்பாலான தம்பதியருக்கு வாடகை ரசீதால் வரியில் லாபம் எதுவும் இராது. பழைய முறையிலேயே தொடர்பவராக இருந்து, ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டியிருக்கும். தர மறுக்கும் உரிமையாளர்களும் உண்டு என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: ஒரு சம்பளத்தில் ஆறு மாதம்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். மதுரையில் கணவருக்குக் கையில் 32,000, மனைவிக்கு 24,000, இரண்டும் சேர்ந்து 56,000 ரூபாய். வாடகை 9,000, இரண்டு வண்டிகளுக்குப் பெட்ரோல் 2,000. மளிகை, துணிமணி போன்ற பொதுச் செலவுகள் எந்த ஊரிலும் இருப்பவை என்பதால் அவற்றை விட்டுவிட்டால், மிச்சம் 45,000.

சென்னையில் கணவருக்குக் கையில் 52,000 தருகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 20,000 ரூபாய் கூடுதல். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 20,000, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் 2,500, போக்குவரத்து 4,000, மாதம் ஒருமுறை இருவரும் ஊருக்குப் போய்வர 3,500 என்று கழித்தால் மிச்சம் 22,000. மனைவிக்குச் சென்னையில் வேலை கிடைக்கும் வரை, இந்தக் குடும்பம் மாதம் 23,000 ரூபாய் பின்தங்கியே இருக்கும். அவருக்குக் கையில் 23,000 தரும் வேலை கிடைத்த பிறகுதான், மதுரையில் நின்ற அதே இடத்துக்கு இவர்கள் வந்து சேர்வார்கள். அதாவது, அவர் மதுரையில் வாங்கிய சம்பளம் ஏறக்குறைய முழுவதும், இழந்த இடத்தை மீட்பதற்கே போய்விடுகிறது.

சென்னைக்குப் போகவே வேண்டாம் என்று இந்தக் கணக்கு சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்றாண்டு கழித்து நிறுவனம் மாறும்போது சென்னையில் பத்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி தொழில்நுட்பப் பூங்காக்களையும் சில நிறுவனங்களையும் விட்டால் அந்த அகலம் கிடையாது. கோயம்புத்தூரை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும் வாடகை சென்னையைவிட லேசானது, சிறுவாணித் தண்ணீரின் ருசியை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆனால் ஒருவருக்கு வேலை உறுதியான பின், மற்றவருடைய துறையில் அந்த ஊரில் எத்தனை நிறுவனங்கள் உள்ளன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து விரலுக்குள் அடங்கிவிட்டால் குறைந்த வாடகை மட்டும் போதாது. எந்த ஊராயினும், ஒரே சம்பளத்தில் ஆறு மாதம் ஓட்ட முடியுமா என்ற சோதனையில் தேறினால் மட்டுமே அடுத்த படிக்குப் போங்கள்.

போகும் நாளில் கையில் இருக்க வேண்டிய தொகை தனிக்கணக்கு. மேற்சொன்ன 20,000 வாடகை வீட்டுக்கு ஐந்து மாத அட்வான்ஸ் 1,00,000, முதல் மாத வாடகை 20,000, தரகர் மூலம் பிடித்தால் அவருக்கு ஒரு மாத வாடகை 20,000, சாமான் ஏற்றும் லாரிக்கு 25,000, திரைச்சீலையிலிருந்து தண்ணீர் சுத்திகரிப்பான் வரை சில்லறைச் செலவு 15,000 என்று வைத்தால், 1,80,000 ஆகிறது. பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர் அமைந்தால் 2,80,000. இதைத் தனிநபர் கடனில் புரட்டுவதாக இருந்தால், கூடுதல் சம்பளத்தின் பெரும்பகுதி ஓராண்டுக்குத் தவணைக்கே போய்விடும்.

மூன்றாம் படி: யார் முதலில் போவது

இருவரும் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டுப் புறப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை உறுதியானவர் முதலில் போய், பணியிடத்துக்கு அருகிலுள்ள பி.ஜி. விடுதியில் இரண்டு மாதம் தங்கட்டும். மற்றவர் ஊரில் வேலையில் இருந்தபடியே சென்னை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். வேலையில் இருப்பவரிடம் நிறுவனங்கள் சம்பளம் பேசும் விதம் வேறு, வேலையை விட்டு வந்தவரிடம் பேசும் விதம் வேறு. பிரிந்திருப்பது கஷ்டம்தான், மாமியார் வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசவும் செய்வார்கள். ஆனால் இந்த இரண்டு மாதத்தில்தான் வீட்டை நிதானமாகத் தேட முடிகிறது.

குழந்தை பெறும் திட்டம் இருந்தால் ஒரு சட்ட விவரத்தை மறக்கக் கூடாது. மகப்பேறு நல விதிகளின்படி 26 வார ஊதிய விடுப்பு பெற, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாட்கள் பணியாற்றியிருக்க வேண்டும். பழைய வேலையை விட்டு, புதிய வேலை தேடும் இடைவெளியில் கருவுற்றவர்கள் இந்த உரிமையை இழக்க நேரிடலாம். அதே போல, நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். இடைப்பட்ட மாதங்களுக்கு மற்றவருடைய காப்பீட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு நிறைவடையச் சில மாதங்களே இருந்தால், பணிக்கொடையை விட்டுவிட்டுப் போவது தகுமா என்றும் கணக்கிடுங்கள்.

நான்காம் படி: பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

சென்னைக்கு வேலைக்குப் போகிறோம் என்பது முழுமையான தகவல் ஆகாது. பழைய மாமல்லபுரம் சாலையில் தரமணியா சிறுசேரியா, கிண்டியா, போரூரா, அம்பத்தூர் தொழிற்பேட்டையா, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள ஆலையா, பரனூர் பக்கமா என்பதைப் பொறுத்து நீங்கள் குடியேறப்போவது வெவ்வேறு ஊர்களில் என்றே சொல்லலாம். ஒருவருக்குச் சிறுசேரி, மற்றவருக்கு அம்பத்தூர் என்று அமைந்தால், இருவருக்கும் சமதூரத்தில் வீடு பார்ப்பதைவிட, வேலை நேரம் வளையாதவருக்கு அருகில் வீடு பார்ப்பதே சரி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்தவர் தூரத்தைத் தாங்கிக்கொள்ளட்டும். காலை ஏழு மணி ஷிப்டுக்குக் கைரேகை வைக்க வேண்டியவர் அருகில் இருக்கட்டும்.

ஆலை வேலையென்றால் வீடு தேடுவதற்கு முன்பே கம்பெனி பஸ் எந்தெந்த வழியில் வருகிறது, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்ற பட்டியலை வாங்கிவிடுங்கள். தாம்பரம், பூந்தமல்லி பக்கம் வாடகைக்கு வருவோர் பலர் அந்த நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தை வைத்தே வீட்டை முடிவு செய்கிறார்கள். ஒருவருக்குப் பரனூர், மற்றவருக்குக் கிண்டி என்றால், கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் தாம்பரமோ குரோம்பேட்டையோ இருவருக்கும் ஒத்துவரும். ஒருவருக்குத் தரமணியும் மற்றவருக்குக் கிண்டியும் என்றால் வேளச்சேரி, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் தேடலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை, ஆனால் பட்ஜெட் குறைவு என்பவர்கள் மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், கேளம்பாக்கம் என்று தள்ளிப் போகிறார்கள். வாடகையில் மிச்சமாகும் தொகை, சாலையில் கழியும் நேரத்துக்கு ஈடாகுமா என்பதை அவரவர்தான் சொல்ல முடியும். வெளியூர்ப் பேருந்துகளில் தென் மாவட்டங்களுக்குப் போகிறவை 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டதால், மாதந்தோறும் மதுரை போகிறவர்களுக்குத் தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பதில் ஒரு தனி வசதி உண்டு.

தரகர்கள் இப்போது மெட்ரோவைச் சொல்லி வாடகையை உயர்த்துகிறார்கள். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். அவற்றில் ஒன்று சிறுசேரி வரை நீள்கிறது. உங்கள் தெருமுனையில் ரயில் ஓடத் தொடங்காத வரை அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள். தூண் எழும்பும் காலத்தில் நீங்கள் அனுபவிக்கப்போவது குறுகிய சாலையும் தூசியும்தான். மனைவியின் பயணச் செலவைக் கணக்கிடும்போது, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்து அதிகம் வரும் சாலையோரமாக வீடு அமைந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் வரை மிச்சமாகலாம்.

ஐந்தாம் படி: வீட்டைப் பார்த்தல்

ஒரு வீட்டை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை ஞாயிற்றுக்கிழமை உரிமையாளரோடு. இரண்டாம் முறை ஒரு வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு, அங்கிருந்து அலுவலகம் வரை பயணம் செய்து. ஞாயிறன்று இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் திங்களன்று ஒரு மணி நேரமாவது சென்னையில் புதிதல்ல.

தண்ணீரைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் எனப்படும் மாநகரக் குடிநீர்க் குழாய் இருக்கிறதா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருமா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் பணம் கொடுப்பது. 2019 கோடையில் சென்னையின் நான்கு முக்கிய ஏரிகளும் வறண்டபோது, லாரித் தண்ணீரையே நம்பியிருந்த பழைய மாமல்லபுரம் சாலைக் குடியிருப்புகள் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். உரிமையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்து கெட்டியாகியிருந்தால், வாயால் சொல்லாததைக் குழாய் சொல்லிவிடும்.

அடுத்தது மழைத் தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத் தெருக்கள் பல மூழ்கின. தரைத்தள வீட்டின் வாடகை மாடி வீட்டைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நாங்கள் ஆதம்பாக்கத்தைத் தாண்டி ஒரு தெருவில் பார்த்த தரைத்தள வீட்டில் சுவரெல்லாம் புது வண்ணம், தரையெல்லாம் புது ஓடு. ஆனால் ஸ்விட்ச் போர்டுகள் எல்லாமே என் தோளுக்கு மேல் இருந்தன. தண்ணீர் மோட்டாரைப் படிக்கட்டின் பாதித் திருப்பத்தில், ஒரு சிமென்ட் மேடை கட்டி ஏற்றி வைத்திருந்தார்கள். வெளியே வந்து தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவரிடம் கேட்டேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் வண்டியின் பலகையைத் தட்டி, "இதுக்கு மேல வந்துச்சு தம்பி, வண்டியே மிதந்துச்சு" என்றார். உரிமையாளரிடம் கேட்டிருந்தால் இந்த அளவு கிடைத்திருக்காது. எந்தத் தெருவிலும் இஸ்திரிக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மின்சாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத்தின் படிநிலையே மாறி, பில் சட்டென்று ஏறும். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. மீட்டர் இருந்தால் இதெல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில். ஒரே இணைப்பிலிருந்து மூன்று குடித்தனத்துக்குச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உரிமையாளர் வசூலித்தால், இலவச யூனிட் உங்களுக்கு வந்து சேர்வது அரிது. ஒரு ஏ.சி. ஓடும் கோடையில் இந்த வித்தியாசம் மாதம் ஆயிரத்தைத் தொடலாம். ஆகவே வாடகை ஆயிரம் கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ள வீட்டையே நான் எடுப்பேன்.

வீடு கேட்டுப் போகும் இடத்தில் சைவமா அசைவமா என்றும், சுற்றி வளைத்து "நீங்க எந்த ஊர்ப் பக்கம், என்ன ஆளுங்க" என்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெட்கக்கேடான கேள்விதான். பதில் சொல்லி அந்த வீட்டைப் பெறுவதைவிட, அடுத்த தெருவுக்குப் போவது பின்னாளில் நிம்மதி.

பேரம் பேச நல்ல காலம் ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் பால் காய்ச்சிக் குடிபுகப் பலரும் தயங்குவதால் வீடுகள் காலியாகக் கிடக்கும், உரிமையாளரும் இறங்கி வருவார். ஆனி இறுதியிலேயே பால் காய்ச்சிவிட்டு ஆடியில் சாமானைக் கொண்டுபோவது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்த சமாதானம்.

ஆறாம் படி: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்பது பொது விதி, ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்ற விலக்கும் அதே இடத்தில் இருக்கிறது. ஐந்து மாதமும் பத்து மாதமும் கேட்கும் வழக்கம் நீடிப்பதற்கு இந்த விலக்கும் ஒரு காரணம். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். மூன்றில் தொடங்கிப் பேசி, ஐந்துக்குள் முடியுங்கள். தகராறு எதுவானாலும் குடிநீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் துண்டிக்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: ஆண்டுதோறும் வாடகை எத்தனை சதவீதம் உயரும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா, வண்ணம் பூசும் செலவு யாருடையது. கடைசி விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். முதல் வீட்டைக் காலி செய்தபோது, ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட இல்லாத பெயிண்டிங் செலவுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார் உரிமையாளர். "எல்லாரும் கொடுக்குறதுதான்" என்பதே அவர் தந்த விளக்கம். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்பி, அந்தப் பரிவர்த்தனை எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மாத வாடகை இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் போக்கியம், கையில் சேமிப்புள்ள தம்பதியரை எளிதில் ஈர்க்கும். வில்லங்கச் சான்று எடுத்து, வீடு உண்மையில் அவருடையதுதானா, ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிவு செய்ய முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். பதிவு எதற்கு, வீண் செலவு என்று உரிமையாளர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாடகை தந்து இருப்பவர் இழக்கக்கூடியது அட்வான்ஸ். போக்கியக்காரர் இழக்கக்கூடியது கல்யாண நகை விற்ற பணம்.

குடிபுகும் நாள்

சாமான் லாரிக்காரரிடம் மொத்தத் தொகையையும் மாடி ஏற்றும் கூலியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பாதித் தொகையைச் சாமானை இறக்கி முடித்த பிறகு கொடுங்கள். எரிவாயு இணைப்பை ஊரிலேயே மாற்றல் சீட்டு வாங்கி எடுத்து வந்தால் புதிய வைப்புத்தொகைத் தொல்லை குறையும். ஆதார், ரேஷன் அட்டை முகவரி மாற்றங்களை வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு ஆற அமரச் செய்யலாம். முகவரி ஆதாரமாக ஒப்பந்த நகலைத்தான் பலரும் கொடுக்கிறார்கள்.

சாமான்களை உள்ளே வைப்பதற்கு முன், வெறும் வீடாக இருக்கும்போதே, ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும், குளியலறை ஓடுகளின் விரிசலையும், கதவின் கீறலையும், மின் மீட்டரின் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து, அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டாவது வீட்டுக்குள் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி செய்தது இதைத்தான். மூன்றாண்டு கழித்து அந்த வீட்டைக் காலி செய்தபோது, அட்வான்ஸ் முழுவதும் அப்படியே திரும்பி வந்தது.